மாதிரிக் கல்

மார்ச் 11, 2012, ஞாயிறு

'மாஸ் எஃபெக்ட் 3' கேமை விடிகாலை நாலரைக்கு முடித்தேன். கடைசி அரை மணி நேரம் லேப்டாப் பேட்டரியில்தான் ஓடியது. கரண்ட் போய் மின்விசிறி நின்றதும் அப்பா இடது கையால் பனையோலை விசிறியைத் துழாவும் சத்தம் கேட்டது. எழுந்து போய் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். பேட்டரி பதினாலு சதவீதம் காட்டியது. போகவில்லை.

கேமின் முடிவில் மூன்று வழி. சிவப்பு, நீலம், பச்சை. சிவப்பைத் தேர்ந்தேன். கரண்ட் வந்த பிறகு மற்ற இரண்டையும் பார்த்தேன். அதே வெடிப்பு, அதே கப்பல் ஓட்டம், அதே காட்டில் வந்து விழுவது. வெளிச்சத்தின் நிறம் மட்டும்தான் வேறு.

நாலு வருடம்.

மார்ச் 12, திங்கள்

அப்பாவின் வலது கைக்கு எண்ணெய் தேய்த்தேன். விரல் அசையவில்லை.

மார்ச் 14, புதன்

தூக்கம் இல்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

முதல் பாகம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2008. கல்லூரி விடுதியில் நண்பனின் கம்ப்யூட்டரில், அவன் தூங்கிய பிறகு. 2010இல் இரண்டாம் பாகம், அதற்குள் சென்னையில் வேலை, சொந்த மெஷின். முதல் பாகத்தில் நாம் யாரைப் பிழைக்க விட்டோமோ அவன் இரண்டில் வருவான், மூன்றில் வருவான். அந்தத் தேர்வுகள் பதிந்த சேவ் ஃபைலை மூன்று ஹார்ட் டிஸ்க் மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்தேன். அம்மாவின் போட்டோ கூட என்னிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, இது மூன்று பிரதி. நாம் ஆடும் பாத்திரம் ஷெப்பர்ட், என் ஷெப்பர்ட் பெண். கூட்டாளி ரெக்ஸை அவள் சுடவில்லை, பேசியே நிறுத்தினாள். இன்னொரு கூட்டாளி மோர்டின் கோபுரத்தின் உச்சிக்குப் போய்ப் பாடிக்கொண்டே செத்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. அதற்கெல்லாம் பதில் கடைசிப் பத்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒரு பையன் வெளிச்சமாக வந்து நின்று சொல்லும் மூன்று நிறமா?

சோகமாக முடிந்ததில் எனக்குக் கோபம் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் "அவ சாகக்கூடாதுன்னு நெனைக்கிற" என்கிறார்கள். சாகட்டும். ஜனவரியில் இயக்குநர் கேசி ஹட்ஸன் பேட்டியில் சொன்னதுதான் உறுத்துகிறது. ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்கிற முடிவாக இது இருக்காது என்றார். நான் எண்ணினேன். ஏ, பி, சி.

அப்பா கூப்பிடுகிறார்.

மார்ச் 18, ஞாயிறு

அமெரிக்காவில் ஒருவன் இந்த முடிவுக்காக ஃபெடரல் டிரேட் கமிஷனில் புகாரே கொடுத்துவிட்டானாம், விளம்பரத்தில் சொன்னது வேறு, விற்றது வேறு என்று. வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா என்ன என்று கண்ணால் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சொன்னானா இல்லையா" என்றார். பத்து நாளில் அவர் தெளிவாகப் பேசிய முதல் வாக்கியம்.

மார்ச் 20, செவ்வாய்

ரசிகர்களின் மனுவில் கையெழுத்துப் போட்டேன். பணமும் கொடுத்தேன். முடிவை மாற்றச் சொல்லும் ரசிகர்கள் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தரும் சைல்ட்ஸ் ப்ளே என்ற அறக்கட்டளைக்கு நிதி திரட்டுகிறார்கள். நாங்கள் வெறும் வாய்ச்சவடால் கூட்டம் இல்லை என்று காட்ட. பத்து டாலர், நண்பனின் கார்டில். ஐந்நூறு ரூபாய்.

அப்பாவின் பிசியோதெரபிக்குக் காரைக்குடி போய்வர ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 22, வியாழன்

கேமை உருவாக்கிய பயோவேர் கம்பெனியின் ரே மஸிகா கடிதம் எழுதியிருக்கிறார். ரசிகர்கள் சொல்வதைக் கேட்பது வேதனையாக இருக்கிறதாம். கதையின் கலை நேர்மையையும் காப்பாற்ற வேண்டும், ரசிகர் குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். இருந்தாலும் அந்தக் 'கலை நேர்மை' என்ற சொல்லைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் கலை வந்துவிடுகிறது.

மார்ச் 25, ஞாயிறு

காரைக்குடியில் முத்துமாரியம்மன் பால்குடக் கூட்டம். பஸ் ஒரு மணி நேரம் நின்றது. அப்பா ஜன்னல் வழியாக இடது கையால் கும்பிட்டார்.

நிதியை நிறுத்திவிட்டார்கள். எண்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. சிலர் பணம் கொடுத்தால் முடிவை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்துக் கொடுத்தார்களாம், திருப்பியும் கேட்கிறார்களாம். நான் அப்படி நினைத்தேனா? கொஞ்சம்.

மார்ச் 29, வியாழன்

அப்பாவின் தரைக்கல் பட்டறையைத் திறந்தேன். ஆச்சி வீட்டுப் பட்டாலைக் கூடத்தின் ஓரத்துக்கு இருநூற்று இருபது கல் பாக்கி. அச்சாரம் தை மாதமே வாங்கியாகிவிட்டது. வைகாசியில் அவர்கள் வீட்டில் கல்யாணம். மாரிமுத்து அண்ணன் மட்டும் தனியாக எத்தனை ஊற்றுவார்?

அளவெடுக்கப் போனபோது ஆச்சி வளவில் உட்கார்ந்து, பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் செய்த பழைய 'பொன்னியின் செல்வன்' புரட்டிக்கொண்டிருந்தார். பேச்சு எப்படியோ அங்கே போனது. நானும் சும்மா இருக்காமல் கேம் கதையைச் சொல்லிவைத்தேன். ஆச்சிக்குப் புரிந்ததா தெரியாது, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருசம் வாராவாரம் காத்துக் கெடந்தோம் தம்பி. அம்பதுல ஆரம்பிச்சது அம்பத்திநாலுல முடிஞ்சுது. எனக்கு அப்பப் பதினாலு வயசு. பொசுக்குன்னு முடிச்சுப்புட்டாரு. எங்க பெரியாத்தா புஸ்தகத்தைத் தூக்கிக் கெணத்தடியில எறிஞ்சாக."

அப்புறம்?

"எல்லாரும் காயிதம் போட்டாக. கல்கி முடிவுரைன்னு ஒண்ணு எழுதினாரு. யாரு யாரைக் கட்டுனா, யாரு என்ன ஆனான்னு."

கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன். ஆச்சி பக்கத்தைத் திருப்பி மணியம் வரைந்த படத்தைத் தடவினார். "அவரு கதையை மாத்தலையே. வெவரந்தான் சொன்னாரு." இதை நிறையாகச் சொன்னாரா குறையாகச் சொன்னாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

எட்மண்டனில் பயோவேர் ஆபீசுக்கு ரசிகர்கள் 402 கப்கேக் அனுப்பியிருக்கிறார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை க்ரீம், ஏ, பி, சி எழுத்து. உள்ளே எல்லாமே ஒரே வெனிலா. இதைவிட நல்ல விமர்சனம் எழுத முடியாது.

பட்டறை அலமாரியில் மூன்று டப்பா வரிசையாக நிற்கிறது. சிவப்பு, நீலம், பச்சை. அச்சு ஒன்றுதான்.

ஏப்ரல் 6, வெள்ளி

அறிவித்துவிட்டார்கள். கோடையில் இலவசமாக 'எக்ஸ்டெண்டெட் கட்' வரும். முடிவு மாறாது, கூடுதல் காட்சி, கூடுதல் விளக்கம். பூசி மெழுகுகிறார்கள் என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். பூசி மெழுகுகிறார்கள்.

இதற்கிடையில் நுகர்வோர் தளம் ஒன்று நடத்திய ஓட்டெடுப்பில் அமெரிக்காவின் மிக மோசமான கம்பெனி என்று, கேமை வெளியிட்ட ஈஏ ஜெயித்திருக்கிறது. இறுதிச் சுற்றில் தோற்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. வீட்டைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிற நாட்டில், ஒரு விளையாட்டின் முடிவுக்காக. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இன்று முதல் தடவை நானே ஊற்றினேன். சின்ன வயதில் பார்த்ததுதான். கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்துக்குள் வைக்க வேண்டும். அதன் மேல் பித்தளை அச்சு. கரண்டியால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சாயக் குழம்பு. அகலமான இதழுக்கு ஒன்றரைக் கரண்டி, நுனிக்குச் சொட்டு. அப்புறம் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு நீலத்துக்குள் ஓடிவிடும். எனக்கு ஓடியது. ஒன்பது கல் போச்சு. பத்தாவதில் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சரியாக வந்தது. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை வைத்து அழுத்தும்போது பூ மறைந்துவிடும். அதற்கப்புறம் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுத்து, கண்ணாடியை உரிக்கும்வரை என்ன ஊற்றினோம் என்று நமக்கே தெரியாது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்பது கல்லுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, வெள்ளி

நந்தன வருடம். மாங்காய்ப் பச்சடி. அப்பாவின் கட்டைவிரல் அசைந்தது. மூன்று தடவை அசைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

ஏப்ரல் 24, செவ்வாய்

மேனேஜர் போன் செய்தார். இன்னும் ஒரு மாதம் லீவு கேட்டேன். சம்பளம் கிடையாது என்றார். சரி.

மே 3, வியாழன்

கத்திரி வெயில் நாளைக்குத்தான் ஆரம்பமாம். அப்படியானால் இது என்ன?

ரசிகர்கள் ஒரு புதுக் கதை கட்டியிருக்கிறார்கள். கடைசியில் நடப்பதெல்லாம் ஷெப்பர்டின் மூளைக்குள் எதிரி புகுந்து காட்டும் பிரமையாம். அதற்கு ஆதாரமாக மரத்தின் நிழல், துப்பாக்கியின் தோட்டா எண்ணிக்கை எல்லாம் காட்டி நீளமான வீடியோ. டேட்டா கார்டில் விட்டு விட்டுப் பார்த்தேன். எழுதியவர்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. இது யாருடைய முடிவு? அவர்கள் ஆள், அவர்கள் ஊர், இவர்கள் கதை.

நீல சாயம் தீர்ந்துவிட்டது. மூலைக் கல்லின் சின்ன இலைக்கு மட்டும் பச்சை ஊற்றினேன். எண்பது கல்.

மே 12, சனி

கண்ணாடி உரித்தோம். பச்சை இலை அருமையாக வந்திருக்கிறது. சிவப்புப் பக்கத்தில் நீலம் செத்துக் கிடக்கும், பச்சை எழுந்து நிற்கிறது. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். நானும் ஒரு கல் ஊற்றிவிட்டேன் என்று இருந்தது.

மே 15, செவ்வாய்

"இது என்னப்பு பச்சை?"

கல்லை வண்டியிலிருந்து இறக்கி முடிக்கக்கூட இல்லை. ஆச்சி உள்ளே போய் மாதிரிக் கல்லை எடுத்துக்கொண்டு வந்தார். தை மாதம் அப்பா கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீல இலை, பச்சை இலை. அந்தப் பட்டாலைக்கு முதலில் கல் ஊற்றியவர் என் தாத்தா. அச்சே அவருடையதுதான்.

பச்சைதான் எடுப்பாக இருக்கிறது ஆச்சி என்றேன். தரை முழுக்கப் பார்த்தால் புரியும் என்றேன். டிசைன் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றுகூடச் சொன்னேன். இன்னொரு சொல்லும் வாய்வரை வந்தது. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து ஆச்சியின் மகன் போன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

இரவு

அப்பாவிடம் சொன்னேன். மாதிரி என்ன கொடுத்தோம் என்று கேட்டார். நீலம். அச்சாரம் எதைக் காட்டி வாங்கினோம்? பதில் சொல்லவில்லை. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இடது கையால் எண்பது என்று காட்ட முயன்று, விரல் கணக்கு வராமல் விட்டுவிட்டார்.

பச்சை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டேன். கல்லைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "மாத்திக் குடு."

மே 16, புதன்

நீலம் தீரவில்லை. அரை டப்பா இருந்தது. அன்றைக்கும் இருந்தது.

மே 19, சனி

கல்யாணத்துக்குள் முடியாது. மூலைகளில் ஜமக்காளம் விரித்துச் சமாளித்துக்கொள்வதாக ஆச்சி சொல்லி அனுப்பினார். என் பேரில் கோபமா என்று மாரிமுத்து அண்ணனிடம் கேட்டேன். "கோவம் இருந்தா வேற ஆளுகிட்ட குடுத்திருப்பாக" என்றார்.

ஜூன் 2, சனி

வேலை போய்விட்டது. மெயிலில்.

ஜூன் 9, சனி

கோனன் டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார், பத்து வருடம் கழித்து, 1903இல், அவன் சாகவே இல்லை என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைப் படித்தபோது குதித்தேன். எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போதும் முழுசாகத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. குதித்ததுதான் நினைவிருக்கிறது.

அந்த எண்பது கல்லையும் அப்பா பின்பக்கம், துவைக்கிற கல்லைச் சுற்றிப் பதிக்கச் சொல்லிவிட்டார். சோப்புத் தண்ணீரில் பச்சை பளபளக்கிறது.

ஜூன் 21, வியாழன்

எண்பதும் ஊற்றியாகிவிட்டது. நீலம். கடைசி இருபது கல்லுக்கு இலையை மட்டும் அப்பா ஊற்றினார். வலது கையில் கரண்டி, அதன் மேல் இடது கை. ஒரு கல்லில் ஒரு சொட்டு வெளியே சிந்தியது. துடைக்கப் போனேன். வேண்டாம் என்றார்.

ஜூன் 26, செவ்வாய்

இன்று வருகிறது. ஏறக்குறைய இரண்டு ஜிபி. டேட்டா கார்டை ஓட்டின் கீழே கம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஜூன் 27, புதன்

38 சதவீதம். நாலாவது முடிவு ஒன்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம். மூன்று நிறமும் வேண்டாம் என்று மறுத்துவிடலாம். மறுத்தால் எல்லோரும் சாகிறார்கள். இது எங்களுக்குச் சொன்ன பதில் என்று பாதிப் பேர் கொதிக்கிறார்கள். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. ரெக்ஸ் என்ன ஆனான் என்றும் காட்டுகிறார்களாம். சொல்லிவிடாதே என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன்.

தொட்டியிலிருந்து கல்லை எடுத்துக் காயவைத்தோம். நாளைக்குக் கண்ணாடி உரிக்க வேண்டும்.

ஜூன் 28, வியாழன்

71 சதவீதத்தில் கரண்ட் போனது. அப்பா ஏற்கனவே பட்டறைக்குப் போய்விட்டார், தானாக நடந்து. மாரிமுத்து அண்ணன் இன்னும் வரவில்லை. கண்ணாடியில் கை வைத்துவிடாதீர்கள் என்று கத்திக்கொண்டே இதை எழு