தைப்பூசப் பெயிண்டை ஆடிக்கு மாற்றினோம்: கோயில் உழவாரன் கணக்கு

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் எந்தப் பாலத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் நாட்டு உழவாரன் என்ற சின்னப் பறவை தெரியும். தமிழ்நாட்டில் கோபுரத்திலும் பழைய மண்டபத்திலும் கூடு கட்டும் அதே இனம்தான். கரிய உடம்பு, இடுப்பில் அகலமான வெள்ளைப் பட்டை, கத்தரித்து விட்டாற்போல நேரான வால். எங்கள் கோயில் கல்யாண மண்டபத்தின் கூரை விளிம்புக்கு அடியில் இவை ஒரு பெரிய குடியிருப்பே போட்டிருக்கின்றன. அதை எண்ணி, கணக்கு வைத்து, கலையாமல் காப்பாற்ற நாங்கள் சிலர் சேர்ந்து செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். வேறு கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

இது அரிய பறவை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று யாரையும் பயமுறுத்தி இந்த வேலையைச் செய்யவில்லை. நம் கட்டடத்தை நம்பி வந்து தங்கும் உயிர், அதன் குஞ்சு நம் கையால் சாகக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் காரணம்.

பிரச்சினை காவடியோடு தொடங்கியது. தைப்பூசத்துக்கு முன் மண்டபம் முழுக்கக் கழுவிப் பெயிண்ட் அடிப்பது இங்கே பல வருட வழக்கம். டிசம்பர் கடைசியில் சாரம் கட்டுவார்கள், பிரஷர் வாஷர் வரும், கூரை விளிம்பில் ஒட்டியிருப்பதெல்லாம் தண்ணீரோடு கீழே வந்துவிடும். ஆனால் இந்த நாட்டில் செப்டம்பரில் வசந்தம். உழவாரன் முட்டையிடத் தொடங்குவதும் அப்போதுதான். கோடைக்காலம் முழுக்க அடுத்தடுத்துக் குஞ்சு பொரிக்கும். அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், குஞ்சு பறந்து போக அதற்குப் பிறகும் ஐந்து வாரத்துக்கு மேல். கூட்டி வைத்துப் பார்த்தால் முட்டையிலிருந்து பறப்பது வரை ஏறக்குறைய இரண்டு மாதம். நாம் காவடிக்குச் சுவரைக் கழுவும் நாளில் பல கூடுகளில் குஞ்சு நிறைந்திருக்கும்.

அப்படி விழுந்த ஒரு கூட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் இறகு. கோழி இறகு, புறா இறகு, நடுவே காய்ந்த புல், தென்னங்கீற்று நரம்பு போல ஏதோ ஒன்று, கோயிலில் கையில் கட்டும் மஞ்சள் கயிற்றின் ஒரு இழை. எல்லாவற்றையும் எச்சில் இறுக்கிப் பிடித்திருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்த துணியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்த விறைப்பு. உழவாரனுக்கு நான்கு விரலும் முன்பக்கமாகவே இருப்பதால் கிளையிலோ கம்பியிலோ உட்கார முடியாது, செங்குத்தான சுவரைத்தான் பற்றிக்கொள்ளும். தரையில் இறங்கிப் புல் பொறுக்குவது அதனால் ஆகாது. அந்தக் கூட்டில் இருந்த ஒவ்வொரு இறகும் காற்றில் பறந்து வந்தபோது அலகால் கவ்வியது. அதைத் தெரிந்துகொண்டதும், ஒரு நிமிடத் தண்ணீரில் போவது எத்தனை வார உழைப்பு என்பது எனக்குப் புரிந்தது.

சரி, கோயில் நிர்வாகக் குழுவிடம் பேசும் முன் கையில் கணக்கு வேண்டும் என்று முடிவு செய்தோம். "பறவை பாவம்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

எண்ணுவது பார்க்கத் தோன்றுகிற அளவுக்கு எளிது இல்லை. வானத்தில் சுற்றும் கூட்டத்தை எண்ணினால் எத்தனை பறவை எங்கள் மண்டபத்தைச் சேர்ந்தவை, எத்தனை பாலத்தைச் சேர்ந்தவை என்று தெரியாது. எங்களுக்குப் பலன் தந்த முறை இது. கூரை விளிம்பை நான்கு துண்டாகப் பிரித்து நேர் கீழிருந்து போட்டோ எடுத்தோம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒவ்வொரு கூட்டு வாசலுக்கும் ஒரு எண் எழுதினோம். கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் தொங்கும், ஒரு கட்டியில் நான்கைந்து வாசல் இருக்கும். ஆகவே கட்டியை எண்ணாமல் வாசலைத்தான் எண்ண வேண்டும். பிறகு இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஆளுக்கு ஒரு துண்டாக எடுத்துக்கொண்டு, எந்த வாசலில் பறவை நுழைகிறது என்று கோடு போட்டோம். நுழைவது கண் இமைக்கும் நேரம்தான். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து வீட்டில் ஓட்டிப் பார்ப்பது பெரிய உதவி.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். வாசலுக்குக் கீழே தரையில் விழும் எச்சத்தைப் பார்த்தே எது குடியிருக்கும் கூடு என்று சொல்லப் பழகிவிட்டார்கள். பழைய செய்தித்தாளை விரித்து வைத்து மறுநாள் பார்ப்பது அவர்கள் கண்டுபிடித்த வழி. முட்டை ஓட்டுத் துண்டு கிடந்தால் தேதியைக் குறித்துக்கொள்வோம், அதிலிருந்து ஐந்து ஆறு வாரம் தள்ளி அந்தக் கூடு காலியாகும் என்று கணிக்கலாம். ஏணி வைத்து எட்டிப் பார்ப்பதில்லை, கூட்டுக்குள் கேமரா விடுவதில்லை என்று தொடக்கத்திலேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்.

எண்ணும்போதுதான் இன்னொரு ஆள் தெரிந்தது: சிட்டுக்குருவி. இந்த ஊர்ச் சிட்டுக்குருவியும் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். உழவாரன் கட்டிய கூட்டைப் பிடித்துக்கொள்வதில் அது கைதேர்ந்தது. வாசலில் வைக்கோல் தொங்கினால் அது குருவி குடியேறிய கூடு, உழவாரன் கூட்டின் வாய் சுத்தமாக இருக்கும். குருவியை விரட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கூடு நிறைய இருந்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும், வருடா வருடம் கழுவித் தள்ளுவதால்தான் போட்டி முற்றுகிறது. எண்ணும் எங்களுக்குள்ளேயே இதை ஏற்காதவர்களும் உண்டு.

வாசல் வரைபடத்தோடு கோயில் குழுக் கூட்டத்துக்குப் போனோம். தலைவர் பொறுமையாகக் கேட்டார். "படம் நல்லா இருக்கு தங்கச்சி, ஆனா எச்சம் எல்லாம் செருப்பு மேலதானே விழுது? சனங்க திட்டுறாங்களே" என்றார். நியாயமான கேள்வி. செருப்பு அலமாரி சரியாகக் கூடுகளுக்குக் கீழே இருந்தது. கூட்டுக்கு அடியில் பலகை அடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேறு பறவைக்கு அது சரி, உழவாரனுக்கு ஆகாது. அது கூட்டிலிருந்து எழும்பிப் பறப்பதில்லை. முதலில் கீழே விழுந்து, விழுகிற வேகத்தில் சிறகை விரிக்கும். கூட்டுக்கு அடியில் சில மீட்டருக்கு வெற்றிடம் வேண்டும். ஆகவே அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றி, கூடுகளின் கீழே துளசியும் செம்பருத்தியும் வைத்துப் பாத்தி கட்டலாம் என்றோம்.

பெயிண்ட் விஷயத்தில் வழி திறந்தது மழையால். டர்பனில் மழைக்காலமே கோடைதான். டிசம்பரில் அடித்த பெயிண்ட் சரியாகக் காய்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும், சுவர் ஈரம் இழுத்து உப்பும். ஜூன் மாதம் வறண்ட குளிர், கூட்டில் குஞ்சு இருக்காது. அதற்கு அடுத்தே ஆடி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பிரேயர். "ஆடிக்குப் புதுப் பெயிண்டோட அம்மனைக் கும்பிடுவோம் அங்கிள், காவடிக்குத் தரையையும் தூணையும் மட்டும் கழுவிக்கலாம்" என்றேன். அங்கே இருந்த ஒரு வயதான ஆயா, "மழையில அடிச்ச பெயிண்ட் என்னிக்கு நின்னுச்சு?" என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார். அந்த ஆதரவு இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும்.

ஜூனில் சாரம் கட்டியபோது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. குஞ்சு இல்லை என்பதால் கூடு காலி என்று அர்த்தமில்லை. இந்த உழவாரன்கள் வருடம் முழுக்க இரவில் அதே கூட்டில்தான் தூங்கும், அடுத்த பருவத்துக்கும் அதையே பழுது பார்த்துப் பயன்படுத்தும். எனவே கூடுகள் இருக்கும் பகுதியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அந்தப் பட்டையை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னோம். பெயிண்டர் அண்ணன் காலை எட்டு மணிக்கு மேல் ஏறி நாலு மணிக்கு இறங்கிவிடுவார், அடைய வரும் நேரத்தில் சாரத்தில் யாரும் இல்லை. மண்டபத்தின் மற்ற பகுதி பளபளப்பான பெயிண்ட். கூடு இருக்கும் பட்டையும் அதை ஒட்டிய கொஞ்ச இடமும் பழைய சொரசொரப்புச் சிமெண்ட். வழவழப்பில் எச்சில் பிடிக்காது. பார்க்க ஒரு கோடு போட்ட மாதிரித் தெரிகிறது, பரவாயில்லை என்று குழுவும் விட்டுவிட்டது.

அடுத்த பருவம் எப்படிப் போனது என்றால், பழைய கூடுகளில் பெரும்பாலானவற்றில் மறுபடி குடி வந்தது, சொரசொரப்பான இடத்தில் புதிதாகச் சில வாசல்களும் முளைத்தன. காவடி அன்று மேளச் சத்தத்துக்கு நடுவே அவை உள்ளே போவதும் வருவதுமாக இருந்ததை ஆட்கள் நின்று பார்த்தார்கள். செருப்பு அலமாரி மாறியதால் திட்டும் நின்றது. தீபாவளிக்கு வாணத்தை மட்டும் மண்டபத்துக்கு மறுபக்க மைதானத்தில் கொளுத்தச் சொல்லியிருந்தோம், அது பாதிதான் நடந்தது.

ஒரு பெருமழைக்கு மறுநாள் தரையில் ஒரு பறவை கிடந்தது. இதற்கு என்ன செய்வது என்று பலரும் கேட்பதால் சொல்கிறேன். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ரொட்டியோ பாலோ கொடுக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் துணி விரித்து இருட்டில் ஓய்வாக வைக்க வேண்டும். சிறகு இரண்டும் சமமாக இருந்து, தெம்பும் வந்துவிட்டால், திறந்த வெளியில் உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். மேலே வீசி எறியவே கூடாது. அந்தப் பறவை என் கையில் வெகுநேரம் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஊசி போன்ற நகம் தோலைப் பிடித்திருந்தது. உடம்பு லேசாக நடுங்கத் தொடங்கியது, அப்புறம் விரல் நுனியைத் தாண்டிச் சரிந்து பறந்துவிட்டது. அடிபட்டிருந்தால் நாமே வைத்தியம் பார்க்காமல் காட்டுயிர் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. பக்கத்துத் தெரு அடுக்குமாடி ஒன்றில் போன நவம்பரில் ஒப்பந்தக்காரர் ஒரு வரிசைக் கூட்டையும் இடித்துத் தள்ளினார், நாங்கள் தெரிந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னமும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் ஒரு மண்டபத்தோடு நிற்காமல் சுற்றுவட்டாரக் கட்டடங்களையும் பாலங்களையும் வரைபடத்தில் ஏற்றத் தொடங்கினோம். எங்கே கூடு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் சாரம் ஏறும் முன் போய்ப் பேச முடியும்.

பறவைப் பட்டியலையும் பேர்ட்லாசர் செயலியில் பதிகிறோம். 2007-இல் தொடங்கிய தென் ஆப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்கு அது போய்ச் சேரும். நாட்டை அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் (இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்ற கட்டங்களாக, அதாவது ஏறக்குறைய எட்டுக்கு ஒன்பது கிலோமீட்டராகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தேடிப் பார்த்தால்தான் அது முழுப் பட்டியலாகக் கணக்கில் வரும். இதற்காகச் சுற்றியபோது வீட்டு வாசலில் நிற்கும் விசிறிப் பனைகளும் கண்ணில் பட்டன. காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் ஆப்பிரிக்கப் பனை உழவாரன் கூடு வைக்கிறது. கூடு என்றால் சின்ன இறகுத் திண்டுதான், முட்டையை அதில் எச்சிலால் ஒட்டிவிட்டு, தாய் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டே அடைகாக்கும். அழகுக்காக ஓலை கழிப்பவர்கள் கொஞ்சம் மேலே பார்த்துவிட்டு அரிவாளை எடுத்தால் போதும்.

ஊர் சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே மவுண்ட் மோர்லாந்து இருக்கிறது. அங்கே நாணல் படுகையில் ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான்கள் லட்சக்கணக்கில் அடைந்து வந்தன. கிங் ஷாக்கா விமான நிலையம் 2010-இல் திறக்கும் முன் அதனால் பறவைகளுக்கு ஆபத்து வரும் என்று அங்கே குடியிருப்பவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள், பறவைக் கூட்டத்தைக் கண்காணிக்க ரேடாரும் வந்தது. பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே கூடு கட்டும் உழவாரன் வேறு இனம், அது 1995-க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைந்து 2021 டிசம்பரில், மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. பழைய வீடுகளைப் பழுது பார்க்கும்போது பொந்துகளை அடைத்துவிடுவது காரணங்களில் ஒன்று. இப்போது ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் கூடுகளைக் கணக்கெடுத்து, உள்ளே பொந்துள்ள செங்கல்லைப் புதுச் சுவர்களில் வைக்கச் சொல்கிறார்கள். பெய்ஜிங் கோடை அரண்மனை மண்டபத்தில் கூடு கட்டும் உழவாரன்களுக்கு 2014-இல் சிறு கருவி பொருத்திப் பார்த்தபோது, அவை குளிர்காலத்தைக் கழிக்க நம் தென்கோடி ஆப்பிரிக்கா வரை வருவது தெரிந்தது. இடையில் எங்கும் நம்மைப் போல வீடு இல்லை அவற்றுக்கு, கூடு வைக்கும் அந்த ஒரு மண்டபம்தான்.

இந்த ஜூனில் செய்ய வேண்டியவை: மண்டபத்தின் கிழக்குப் பக்கம் இரவு முழுக்க எரியும் வெள்ளை விளக்கைக் கூடுகளிலிருந்து விலக்கித் திருப்ப வேண்டும், குழு சரி சொல்லிவிட்டது. கூட்டு வாயில் தொங்கும் பிளாஸ்டிக் நூலை நீள்கம்பில் சின்னக் கத்தரி கட்டி வெட்டிவிட வேண்டும், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து அங்கேயும் சுவர் வேலையைக் குளிர்கால விடுமுறைக்கு மாற்றக் கேட்கப் போகிறோம். வரைபடம் தயார், அங்கே வாசல் எண்ணும் வேலையைப் பிள்ளைகள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.