கால்ஃப் வகுப்பால் மகளுக்குக் கூடிய தூரமும் குறைந்த சிதறலும்

பதினான்கு வயதாகும் என் மகள் சென்னையில் ஒரு பயிற்சியாளரிடம் கால்ஃப் கற்றுவருகிறாள். அதற்கு முன்பு என்னுடன் டிரைவிங் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடலுக்கு) வந்து, பார்த்துப் பார்த்துத் தானாகவே அடித்துப் பழகியவள். வளரும் பிள்ளைக்குத் தூரம் கூடும்போது அது வகுப்பால் கூடியதா, உடல் வளர்ந்ததால் கூடியதா என்று பிரித்தறிவது எளிதன்று என்பதால், முதல் வகுப்பிலிருந்தே அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன்.

காலையில் கடற்காற்று எழுவதற்கு முன், அதே ரேஞ்சில், மிகத் தூரம் அடிக்க உதவும் கிளப்பான (மட்டையான) டிரைவரால் பத்துப் பந்துகள் அடிக்க வேண்டும். தரையோடு உருண்டு போனதும் கணக்கில் சேரும். மிகத் தூரமாகப் போன பந்தை எடுத்துக்கொள்ளாமல், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவையே அன்றைய தூரமாகக் கொண்டேன். ரேஞ்ச் பந்துகள் பெரும்பாலும் ஆட்டப் பந்துகளைவிடக் குறைவாகவே பறக்கும் என்பதால், மைதானத்தில் அடித்த தூரத்தை இதனுடன் கலக்கவில்லை. ஊட்டியில் ஆடியபோது கிடைத்த அளவுகளையும் தனிப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் தூரம் கூடும் என்பது கால்ஃப் ஆடுபவர்களிடையே உள்ள பொதுக்கணக்கு, ஊட்டியோ ஏழாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது.

தொடக்கத்தில் அவள் அளவு 150 யார்டு அளவில் நின்றது. அதைவிடக் கவலை தந்தது சிதறல்தான். ஒரு பந்து 170 போகும், அடுத்தது 110இல் வலப்புறம் வளைந்து விழும். பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. முகம் நோக்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் இடையே உள்ள வேறுபாடு பந்தை வளைக்கிறது. அவளுக்குப் பாதையைவிட முகம் வலப்புறம் திறந்திருந்தது. அப்படித் திறந்தால் முகத்தின் மேல்நோக்கிய சாய்வும் பந்தின் சுழற்சியும் கூடிவிடுவதால், ஸ்லைஸ் ஆன, அதாவது வலப்புறம் வளைந்த பந்து திசையோடு தூரத்தையும் இழக்கிறது.

பயிற்சியாளர் முதலில் மாற்றியது கிரிப்பை. குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல்முட்டிகள் தெரியும்படி கையைச் சற்று வலப்புறம் திருப்பி வைத்தார். (வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்.) அடுத்த சில வாரங்கள் தூரம் குறைந்தது, புதிய பிடி கைக்குப் பழகும்வரை குறையத்தான் செய்யும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். "எவ்வளவு வேகமா வேணும்னாலும் அடிம்மா, ஆனா அடிச்சு முடிச்சதும் மூணு எண்ணுற வரைக்கும் அசையாம நில்லு" என்பதுதான் அந்த நாட்களில் அவர் விதித்த ஒரே நிபந்தனை. நிலை தடுமாறாமல் நிற்க முடிந்த வேகத்துக்குள் அவளே தன்னை அடக்கிக்கொண்டாள்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது மார்க்கர் பயிற்சி. பந்தின் பின்புறத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் பெரிய புள்ளி வைத்து அடித்தால், பந்து பட்ட இடம் கிளப் முகத்தில் மையாகப் பதியும். ஆரம்பத்தில் அந்த மை முகத்தின் உட்புறம், ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) ஒட்டிய பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. வாரங்கள் செல்லச் செல்ல நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வரும் எண், டிரைவருக்கு ஏறத்தாழ 1.5 வரை செல்லும். அளவிடும் கருவியில் அவளுக்கு 1.30 இருந்தது 1.42 ஆனது. கிளப்பின் வேகம் மணிக்கு 75 மைல் என்ற அளவிலேயே இருந்தும், பந்தின் வேகம் 98இலிருந்து 107 மைலை நெருங்கியது. பந்தின் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் ஏறக்குறைய இரண்டு யார்டு தூரம் கூடும் என்று கொண்டால், வேகமாக வீசாமலேயே பதினேழு, பதினெட்டு யார்டு கிடைத்திருக்கிறது. அவள் உயரம் கூடத் தொடங்கியது இதற்குப் பின்னர்தான் என்பதால், இந்த ஏற்றத்தை நான் தயக்கமின்றி வகுப்பின் கணக்கில் எழுதுகிறேன்.

டிரைவருக்குப் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயை உயர்த்தி, கிளப் மேலெழும்போது பந்தைத் தொடும்படி மாற்றியதும் சில யார்டுகள் தந்தது. மெதுவான வேகமுள்ளவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

உயரம் வளர்ந்த மாதங்களில் நடந்தது வேறு. கிளப்பின் வேகம் கூடியது, ஆனால் மைப்புள்ளிகள் மீண்டும் சிதறின. 7 அயன் என்ற கிளப்பால் அடிக்கும்போது பந்துக்கு முன்பே தரையை வெட்டினாள். பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போட்டு, அதில் கிளப் படாமல் அடிக்கும் பயிற்சியால்தான் அது சரியானது. அந்த நேரத்தில் வகுப்பு இல்லாதிருந்தால், கூடிய உயரமே அவளுடைய ஸ்விங்கைக் கெடுத்திருக்கும் என்று நம்புகிறேன். இப்போது நடு அளவு 180 யார்டை ஒட்டியிருக்கிறது. பத்தில் மிகக் குறைந்த அடிக்கும் மிகத் தூர அடிக்கும் இடையே முன்பு 60 யார்டு வரை இருந்த இடைவெளி பாதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணே எனக்கு அதிக மகிழ்ச்சி தருகிறது.

தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் எண்ணிக்கை) வேறுபாட்டில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றதை மகள் அடிக்கடி சொல்வாள். அதிதி அங்கே தூரம் அடிப்பவர்களில் ஒருவராக இருக்கவில்லை; பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கே அவரை அவ்வளவு உயரத்தில் நிறுத்தியது. அந்தப் பக்கம் எங்களுடையது இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. ஆகவே அடுத்த பருவ வகுப்புகளில் பாதி நேரத்தை 50 யார்டுக்கு உட்பட்ட அடிகளுக்கும் பட்டிங்குக்கும் ஒதுக்கப் பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறோம். டிரைவர் அளவை மாதம் ஒருமுறை மட்டும் எடுப்பேன்.