தோட்டத்து வேம்பும் பண்ணாரித் தாயும்

பண்ணாரி அம்மனிடம் என் அம்மா வேண்டிக்கொண்டது 2021ஆம் ஆண்டு வைகாசியில், தம்பி மூச்சுத்திணறலோடு கோவையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது. "எம்பையன் எந்திரிச்சு நடந்தான்னா உன்ற குண்டம் எறங்கறேன் தாயே" என்பதுதான் வேண்டுதல். குண்டம் என்பது பக்தர்கள் வெறுங்காலோடு இறங்கிக் கடக்கும் தணல்குழி. தாயின் கருணையால் தம்பி நடந்துவிட்டான். அதற்குள் அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது. அவருக்குப் பதிலாக நான் இறங்குவதை அம்மா எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்: குண்டத்தில் எரிக்கும் விறகான எரிகரும்பு எங்கள் தோட்டத்து வேம்பிலிருந்துதான் போக வேண்டும், அதை அவரே சுமந்து கோயிலில் சேர்ப்பார்.

மதியத்தில் அவருடைய கயிற்றுக் கட்டிலுக்கு நிழல் தரும் கிளையையே காட்டி வெட்டச் சொன்னார். வேறு கிளை இல்லையா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. முழ நீளக் கட்டைக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை சுற்றி, சும்மாடு கூட்டி வைத்துக்கொண்டார்.

குண்டத்துக்கு முந்தைய நாள், வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நெரிசலில் நடந்தோம். அம்மா பத்தடிக்கு ஒருமுறை நின்றார். கட்டையை மட்டும் எங்களிடம் தரவில்லை. வழியில் ஒருவர், "எதுக்குங்கம்மா சொமந்துட்டுப் போறீங்க, காஞ்ச கட்டை இங்கயே இருக்குதுங்க, ஒண்ணு வாங்கிப் போட்டாப் போதுங்க" என்று கூடவே வந்தார். இன்னொருவர் ஐந்நூறு ரூபாய்க்கு வரிசையின் முன்னால் சேர்த்துவிடுவதாகக் காதருகே சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாங்கிப் போடறதுக்கு நான் எதுக்கு வரோணும்?" என்றார்.

எருசலேம் ஆலய முற்றத்திலும் பலிக்கான புறாக்களை விற்றார்கள், அந்த வியாபாரிகளின் இருக்கைகளை இயேசு கவிழ்த்தார் என்று விவிலியம் சொல்வது நினைவுக்கு வந்தது. ஆயினும், ஆடு கொடுக்க வழியில்லாதவர் இரண்டு புறாக்கள் கொடுக்கலாம் என்று மோசேயின் சட்டமே இடம் தந்திருந்தது. இயேசுவைக் குழந்தையாக ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது அவருடைய பெற்றோர் கொடுத்ததும் அதுதான். கி.பி. 70இல் ரோமானியர் அந்த ஆலயத்தை இடித்தபின் யூதர்களுக்குப் பலிபீடம் இல்லாமற்போய், வழிபாடே பலியின் இடத்தைப் பிடித்தது. என்னோடு வேலை பார்க்கும் கத்தோலிக்க நண்பரோ இன்றும் ஞாயிறுதோறும் 'திருப்பலிக்கு' என்றுதான் கிளம்புவார். அங்கே பீடத்தில் இருப்பது அப்பமும் ரசமுமே.

வரிசையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவனுக்கு நினைவு எங்கெங்கோ போயிற்று. எங்கள் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டும்போது, தீர்த்தம் தெளித்து அது உடம்பை உதறித் துளுக்கும்வரை ஊரே மூச்சடக்கி நிற்கும். துளுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பண்டைய கிரேக்கரும் பலி விலங்கின் தலையில் நீர் தெளித்தார்கள் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் நனைந்த ஆடு துளுக்காமல் என்ன செய்யும் என்று சிறுவயதில் கேட்டு, தாத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் அரசு கண்டிப்பாக அமல்படுத்த முனைந்தபோது எங்கள் நோன்பு கெடா இல்லாமல் நடந்தது. மறு ஆண்டே அந்தச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. பக்ரீத்துக்கு எங்களுக்கும் ஒரு பங்கு கொண்டுவரும் புளியம்பட்டிப் பெரியவரிடம் இதைப் பேசியபோது, "கறியும் ரத்தமும் அல்லாகிட்டப் போறதில்லீங்க, நம்ம பயபக்திதான் போகுதுன்னு குர்ஆன்லயே இருக்குதுங்க" என்றார்.

அதிகாலையில் பூசாரி இறங்கியபின் வரிசை நகரத் தொடங்கியது. என் முறை வந்தபோது முகத்தில் அனல் அறைந்தது. செக்கச்செவேலென்று கிடந்த கங்குகளில் எங்கள் வேம்பு எது என்று ஒரு கணம் தேடினேன். கால் எப்போது எடுத்து வைத்தேன், எப்போது கடந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. தம்பி ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த முகம் மட்டும் கண்முன் வந்தது. தெற்கு நோக்கி அமர்ந்திருக்கும் தாயைக் கண்டதும், கேட்பதற்கென்று சேர்த்து வைத்திருந்தது எதுவும் நினைவில் இல்லை. தாயே, தாயே என்று அழுதேன். என் தம்பியைத் தந்தவளிடம் இன்னும் என்ன கேட்பது!

வெயில் ஏறியபின் அம்மாவைக் கைத்தாங்கலாகச் சன்னதிக்கு அழைத்துச் சென்றோம். புற்றுமண்ணை முதலில் தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு, என் பாதங்களைக் குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு அம்மனை நிமிர்ந்து பார்த்து, கடன்காரரிடம் தவணை கேட்பவர் போலச் சொன்னார்:

"எறங்குனது எம்பையன், தாயே. என்றது பாக்கி இருக்குது. மூட்டு வலியக் கொறைச்சுக் குடு, வர்ற பங்குனிக்கு வந்தர்றேன்."