பால் பாக்கெட்டின் நுனியிலிருந்து தொடங்கலாம்

பாம்பன் தீவில் லேசான குப்பை எதுவும் போட்ட இடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதை வடகடலான பாக் விரிகுடாவுக்குத் தள்ளுகிறது. வடக்கிலிருந்து வீசும் வாடை தொடங்கினால் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்குத் தள்ளுகிறது. தென்கடலில்தான் 21 தீவுகளுக்காக 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. கடற்புல் வளரும் இடங்களில் ஆவுளியா என்னும் கடற்பசுவும் பேராமை என்னும் பச்சைக் கடலாமையும் மேய்கின்றன. ஆகவே குப்பையைப் பற்றிய பேச்சைக் கடற்கரையில் அல்ல, அடுப்பங்கரையில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. ஆனால் நம் பக்கத்து வீடுகளில் மீன் செவுளும் நண்டு ஓடும் பால் பாக்கெட்டும் ஒரே பையில் முடிச்சுப் போடப்படுகின்றன. அந்த வெயிலில் அரை நாள் கிடந்த பையைப் பிரிப்பவர் தூய்மைக் காவலராக வரும் ஒரு பெண். நாற்றம் ஏறிய பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடைக்காரரும் வாங்குவதில்லை. மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பொருளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஈரம்தான்.

பால் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நுனியை முழுவதுமாக வெட்டி எறிந்தால், விரல் நகமளவுள்ள அந்தத் துண்டு எந்தச் சாக்கிலும் சேராமல் காற்றோடு போய்விடும். துண்டு விழாதபடி ஓரத்தில் ஒரு கீறல் மட்டும் போட்டுப் பாலை ஊற்றிய பின், பாக்கெட்டை அலசிக் கொடியில் கவிழ்த்துக் காயவிடலாம். குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் நம் ஊர்களில் இதற்காக நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீரே போதும், அலசியதைத் தென்னைக்கு ஊற்றிவிடலாம். மீன் கழிவையும் அதே தென்னையின் தூரில், நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தால் பாதிக் கவலை தீரும்.

காலாவதியான மாத்திரை, பேட்டரி, பல்பு ஆகியவற்றைத் தனியாக வைக்க வேண்டும். நாப்கினைத் தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். எதையும் கொல்லையில் எரிக்கக் கூடாது; அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே.

சிப்ஸ் பாக்கெட்டுக்கு மட்டும் எவ்வளவு கழுவினாலும் வழியில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம்; எனவே அதை வாங்குவதைக் குறைப்பதுதான் வழி. பனங்கிழங்கும் பொட்டுக்கடலையும் கிடைக்கும் ஊரில் இது பெரிய தியாகமல்ல. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட கேரிப்பையில் இன்னும் மீன் வாங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓலைப்பெட்டி முடையத் தெரிந்த கைகள் இந்தக் கரையெங்கும் இருக்கின்றனவே!

பிரித்த குப்பையை வண்டியில் ஏற்றும்போது மறுபடி ஒன்றாகக் கொட்டினால் நம் உழைப்பு வீண். அக்டோபர் 2 கிராம சபையில் மக்காத குப்பைக்கு வாரத்தில் தனியாக ஒரு நாள் ஒதுக்குமாறு ஒவ்வொரு தெருவிலிருந்தும் எழுத்து மூலம் மனுக் கொடுப்போம். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகும்வரை அங்கேயே இருப்போம்.