தரங்கம்பாடி வழியாக வேளாங்கண்ணிக்கு

என் மாமியார் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), நான் லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவள். கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார்கள். பேரன் பிறந்ததும் எல்லாம் சமாதானமாகிவிட்டது. பையனுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்த வாரத்தில், அத்தை யாரையும் கேட்காமல் வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். பிள்ளை பிழைத்தால் அவனுக்கு மொட்டை, தான் மணலில் முட்டி போட்டு நடப்பது. பிள்ளை பிழைத்தான். அவன் சுருட்டை முடிமேல் எனக்கு இருந்த ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு லுத்தரன் தாய் தன் பிள்ளைக்கு நேர்த்திக்கடன் மொட்டை போடலாமா என்பது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

"பெசன்ட் நகர்லயே மாதா கோயில் இருக்கே அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்க வேண்டிக்கலையேம்மா" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது?

சரி, போவது என்று முடிவானது. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வழியில் தரங்கம்பாடியில் இறங்க வேண்டும். அத்தையும் ஒப்புக்கொண்டார். என் கணவரின் சித்தப்பாவும் எங்களோடு வந்தார். நான் சின்ன மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பரம கத்தோலிக்கர். வேனில் ஏறியபோதே அவர் முகத்தில் ஒரு விவாதக் களை இருந்தது.

ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை திருவிழா. அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் காவி. காவிச் சேலை, காவி வேட்டி, கழுத்தில் ஜெபமாலை, தள்ளுவண்டியில் மாதா சுரூபம், பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். தார்ச் சாலை சூடு தாங்காமல் ஓரத்து மண்ணில் இறங்கி நடக்கிறார்கள். காலில் துணி சுற்றியிருந்த ஒரு அம்மாவைப் பார்த்து என் மகன், "இவங்க ஏன் பஸ்ல போகல?" என்று கேட்டான். அத்தை ஜன்னல் வழியாக அந்த அம்மாவுக்குச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கும் அதே கேள்விதான். லூத்தர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

தரங்கம்பாடிக்குள் நுழையும்போது வெள்ளை வாசல் ஒன்று வரும், டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜா வீதி. வலப்பக்கமா இடப்பக்கமா என்று தேடவே வேண்டாம், புதிய எருசலேம் ஆலயம் முகப்பில் டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கிரீட முத்திரையோடு நிற்கும். அந்த மன்னர் அனுப்பித்தான் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார்கள். ஆலயம் 1718-இல் எழுந்தது. அடுத்த பிப்ரவரியில் சீகன்பால்க் இறந்துபோனார், வயது 36. பீடத்துக்குப் பக்கத்திலேயே அவர் கல்லறை.

உள்ளே நுழைந்த அத்தை கையைத் தூக்கித் தீர்த்தத் தொட்டியைத் தேடினார், இல்லை. சுரூபம் தேடினார், அதுவும் இல்லை. கல்லறைக்கு முன்னால் வந்து நின்று, "இவர்கிட்ட வேண்டிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"கூடாது அத்தை. நினைச்சுப் பார்க்கலாம், வேண்டக் கூடாது."

இதை என் சொந்தச் சரக்காகச் சொல்லவில்லை. லுத்தரன்களின் அடிப்படைக் கொள்கை ஆவணமான, 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 21ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பரிசுத்தவான்களை நினைவுகூர்ந்து விசுவாசத்தில் பலப்படலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்கச் சொல்லி வேதம் சொல்லவில்லை. "பாவம், சும்மா படுத்திருக்காரு" என்றார் அத்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்ன மாமா வேறொரு திசையில் போய்விட்டார். "இந்த ஊர்க்காரங்ககூடத்தான்மா வீரமாமுனிவர் மல்லுக்கட்டினார்" என்று ஆரம்பித்தார். உண்மைதான். தேம்பாவணி எழுதிய அதே இயேசு சபைத் துறவி, தரங்கம்பாடி லுத்தரன்களை மறுப்பதற்காகவே வேதவிளக்கம், பேதகமறுத்தல் என்று உரைநடை நூல்கள் எழுதினார். தஞ்சைப் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர், இங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்துவிட்டு லுத்தரன் பக்கம் வந்த காலம் அது. ஐரோப்பாவில் ரத்தம் சிந்திய ஒரு சண்டை, காவிரிக்கரையில் நல்ல தமிழில் நடந்திருக்கிறது. தமிழ் உரைநடைக்கு அதனால் லாபம்தான் என்பது மாமாவின் கட்சி. அதில் எனக்கு மறுப்பில்லை.

தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 50 கிலோமீட்டர். காரைக்கால் தாண்டுவதற்குள் மாமா பைபிளில் உள்ள யாக்கோபின் நிருபத்துக்கு வந்துவிட்டார். "கிரியைகள் இல்லாத விசுவாசம் செத்தது. இது பைபிள்லதானே இருக்கு? உங்க லூத்தர் அந்த நிருபத்தையே வைக்கோல்னு சொல்லிட்டாரே!"

சொன்னார்தான், மறைத்துப் பயனில்லை. ஆனால் லூத்தர் எதை எதிர்த்துக் கிளம்பினார் என்று பார்க்க வேண்டும். பாவத் தண்டனையைக் குறைக்கும் பலன்களைக் காசுக்கு விற்றார்கள். 1517 அக்டோபர் 31-இல் 95 கருத்துகளோடு அவர் எழும்பியது அதைக் கண்டித்துத்தான். நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்ற ரோமர் 3:28-ஐ மொழிபெயர்த்தபோது, 'மட்டும்' என்று ஒரு சொல்லை அவரே சேர்த்ததும் உண்மை. நற்கிரியை வேண்டாம் என்று அவர் சொன்னதேயில்லை. விசுவாசம் இருந்தால் கிரியை தானாக வரும், ஆனால் அந்தக் கிரியையைக் கொண்டுபோய்க் கடவுளிடம் கணக்குக் காட்டாதே என்றார். இதைத்தான் திடப்படுத்தல் வகுப்பில், சபையில் முழு உறுப்பினராகும் முன் படிக்கும் அந்த வகுப்பில், எங்கள் ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) எங்கள் தலையில் ஏற்றினார்.

அதே வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆர்.சி.க்காரர்கள் புண்ணியம் செய்து மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். 1547 ஜனவரியில் திரெந்து சங்கம், அதாவது லூத்தருக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம், மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்பது பற்றி 33 விதிகளை இயற்றியது. ஒவ்வொன்றும் மீறுகிறவனுக்குச் சாபத்தோடு முடியும். அதில் முதல் விதி யாரைச் சபிக்கிறது? கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்கிறவனை. அதாவது, நாங்கள் ஆர்.சி.க்காரர்கள்மேல் சுமத்துகிற அதே கொள்கையை ரோமாபுரியே முதல் வேலையாகச் சபித்துவிட்டது. லுத்தரன்களுக்கான அடி ஒன்பதாவது விதியில்தான் விழுகிறது: விசுவாசம் மட்டும் போதும், மனிதன் ஒத்துழைக்க வேண்டியதே இல்லை என்கிறவனுக்கு. இதைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரே குஷி. "பார்த்தியா, நீயே ஒத்துக்கிட்டே!" என்றார். நான் ஒத்துக்கொண்டது பாதிதான், அவர் கேட்டதும் பாதிதான்.

வேளாங்கண்ணியில் முதலில் மொட்டை. முடி விழும்போது பையன் சிரித்தான், எனக்குத்தான் தொண்டை அடைத்தது. சந்தனம் பூசிய தலையோடு அவனைக் கடைத்தெருவில் கூட்டிப்போனோம். மெழுகுவர்த்தி, மாலை, தென்னங்கன்று, தகட்டு உருவங்கள். கண், கை, கால், இதயம், வீடு, தொட்டில் எல்லாம் விரல் நீளத் தகட்டில் அச்சடித்துத் தட்டுகளில் குவித்து வைத்திருக்கிறார்கள். "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டுக் கடைக்காரப் பெண் ஒரு குழந்தை உருவத்தை எடுத்துக் கொடுத்தாள். மெல்லிய தகடு, ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. அத்தை அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

பேராலயத்தின் பின்புறம் மாதா குளம் வரை போகும் மணல் பாதையில் அத்தை முட்டி போட்டார். சேலைக் கொசுவத்தை முழங்காலுக்கு அடியில் மடித்துக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தியோடு. முன்னால் ஒரு இளைஞன், அவனுக்கு முன்னால் குங்குமம் வைத்த ஒரு அம்மா. நான் பக்கத்தில் நடந்தேன், முட்டி போடவில்லை. பாதி தூரத்தில் அத்தை நின்று மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன்: "இதைச் செய்யலைன்னா மாதா என்ன பண்ணுவாங்க அத்தை?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. எனக்குத்தான் தூக்கம் வராது."

அப்புறம் அவரே, "மோட்சத்துக்கு இதைக் காட்டியா உள்ள போகப்போறேன்? புள்ளையைக் குடுத்தா, நன்றி சொல்ல வந்தேன்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்தக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான யாத்ரீகர்களைச் சுனாமி கொண்டுபோனது. நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். வேண்டுதலைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கும் வியாபாரம் என்றால், அன்றோடு இந்த ஊர் வெறிச்சோடியிருக்க வேண்டும். இன்றைக்கும் வருகிறார்கள். இது வியாபாரம் இல்லை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? அதே டெங்கு வாரத்தில் என் அம்மா பையன் பெயரை எழுதி, பொருத்தனை (நேர்த்திக்கடன்) காணிக்கைக் கவர் ஒன்றை ஆலயப் பெட்டியில் போட்டிருக்கிறார். தசமபாகம் தவறாமல் கொடுத்ததால்தான் வீடு கட்ட முடிந்தது என்று மேடையேறிச் சாட்சி சொல்கிறோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஊரே வாய்பிளக்கும் விலைக்கு எடுத்துவிட்டு, அதற்கு ஆசீர்வாதம் எதிர்பார்க்கிறோம். கிருபை மட்டும் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாங்களும். மனிதனுக்குச் சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அதில் இரண்டு சபையும் ஒரே சபைதான்.

ஆனாலும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் வத்திக்கானும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அப்படி ஏற்றுக்கொண்டு நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். பழைய சாபங்கள் அந்தப் போதனையின்மேல் விழாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். பெரிய காரியம். ஆனால் தாளில் தீர்ந்த எல்லாமே மனதில் தீர்ந்துவிடுவதில்லை. அது அன்று மாலை பேராலயத்துக்கு வெளியே பொரித்த மீன் சாப்பிடும்போது தெரிந்தது.

"நீ மோட்சத்துக்குப் போவேன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று மாமா கேட்டார்.

"தெரியும் மாமா."

"அதைத்தான் திரெந்து வீண் நம்பிக்கைன்னு சொல்லுது."

"என்மேல நம்பிக்கை வச்சா வீண்தான். நான் வாக்குத்தத்தத்து மேல வைக்கிறேன்."

அத்தை முள்ளை எடுத்துப் பையன் தட்டில் மீனை வைத்துக்கொண்டே, "எனக்கு அதெல்லாம் தெரியாது. கடைசி நேரத்துல மாதா கையை விட மாட்டா, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு நிச்சயம் இல்லாமல் இல்லை. அதை எங்கே ஊன்றியிருக்கிறார் என்பதில்தான் நாங்கள் பிரிகிறோம். கிறிஸ்துவுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு கை எனக்குத் தேவைப்படவில்லை. அத்தைக்கு அந்தக் கை இல்லாத வானம் அந்நிய ஊர். மரியாளின் துதிப்பாடலுக்கு 1521-இல் அருமையான விளக்கம் எழுதியவர் லூத்தர் என்று சொல்லிப் பார்த்தேன். "நல்ல மனுஷன்தான்" என்று அவருக்கு ஒரு வரி சான்றிதழ் கொடுத்துவிட்டு, அத்தை அடுத்த துண்டு மீனுக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது நாகப்பட்டினம் தாண்டியதும், தகட்டு உருவத்தைச் செலுத்திவிட்டதில் லேசாகியிருந்த அத்தை என் தோளைத் தட்டினார். "உன் தம்பிக்கு வரன் அமையலன்னு உங்கம்மா வருத்தப்பட்டாங்கல்ல? அமைஞ்சா அடுத்த வருஷம் அவனே வந்து தென்னங்கன்னு வைப்பான்னு வேண்டிட்டு வந்திருக்கேன்."

தம்பி இறையியல் கல்லூரியில் ஐயர் படிப்பு படித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் இதை எப்படிச் சொல்வதென்று என் கணவரும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை.