கலிபோர்னியாவில் பிணை முகவர் உரிமம் பெற்ற அனுபவம்

கைதானவர் வழக்கு முடியும்வரை வெளியே இருக்கப் பிணை ஏற்பாடு செய்து தருபவர் பிணை முகவர். கலிபோர்னியாவில் அப்படி முகவராக விரும்புபவர் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது, என்னிடம் விவரம் கேட்கும் பலருக்கும் வியப்பாக இருக்கிறது. நீதிமன்றம் ஒருவருக்கு 50,000 டாலர் பிணை விதித்தால், அவருடைய குடும்பம் வழக்கமாக அதில் 10 விழுக்காட்டை, அதாவது 5,000 டாலரைக் கட்டணமாகச் செலுத்துகிறது. முழுத் தொகைக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க, அதன் சார்பில் முகவர் கையெழுத்திடுகிறார். அந்தக் கட்டணம், வழக்கில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் திரும்பி வராது. இதை முதல் சந்திப்பிலேயே குடும்பத்தாருக்குப் புரியும்படி சொல்வது முகவரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். 20 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, குற்றப் பின்னணியை ஆராய்வதற்கான கைரேகைப் பதிவு, 1,000 டாலருக்கான உத்தரவாதப் பத்திரம் ஆகியவை வரிசையாக வரும். இவை பொறுமையைக் கேட்பவை, அவ்வளவுதான். உண்மையில் கடினமானது, நம்மை முகவராக நியமிக்கும் நிறுவனத்தைக் கண்டடைவது. பிணையில் வெளிவந்து, விசாரணை நாளில் நீதிமன்றத்துக்கு வராமல் போகிறவரால் ஏற்படும் இழப்பை முகவரே ஈடுகட்ட வேண்டும் என்று நிறுவனம் ஒப்பந்தம் எழுதி வாங்குகிறது. ஒவ்வொரு கட்டணத்திலும் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கியும் வைக்கிறது. ஆகவே புதியவரிடம் சேமிப்பு, சொத்து, முன் அனுபவம் எல்லாவற்றையும் துருவிக் கேட்கிறார்கள். ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரிடம் வேலை பழகியது எனக்கு இந்தக் கட்டத்தில் பெரிதும் உதவியது.

வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது தடைகளைப் பற்றிய பாடமே. சிறைக்குள் சென்று வாடிக்கையாளரைத் தேடக்கூடாது. குறிப்பிட்ட வழக்கறிஞரைப் பரிந்துரைக்கக்கூடாது. கைதானவரின் தாயார் நள்ளிரவில் அழுதுகொண்டே நல்ல வழக்கறிஞர் யார் என்று கேட்கும்போது இந்த விதியைக் காப்பது எளிதன்று. ஆயினும், கலங்கி நிற்கும் குடும்பங்களை ஆள்பிடிக்கும் வியாபாரத்திலிருந்து காப்பது அதுதான்.

பிணையில் வந்தவர் விசாரணை நாளில் வராவிட்டால் நீதிமன்றம் பிணையைப் பறிமுதல் செய்கிறது. பொதுவாக 180 நாள்களுக்குள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டால் தொகை தப்பும். பவுண்டி ஹண்டர் என்று மக்கள் அழைக்கும் பிடிப்பாளரின் வேலை இங்கேதான் வருகிறது. 2023 ஜூலை முதல் அவர்களுக்கும் தனி உரிமம் கட்டாயம். அவசரச் சூழல் தவிர, ஒருவரைப் பிடிக்க முயல்வதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். காவலர் என்று எண்ணவைக்கும் சீருடையோ வில்லையோ அணியக்கூடாது.

பணப் பிணையையே ஒழிக்க மாநிலம் 2018இல் இயற்றிய சட்டத்தை 2020 நவம்பரில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். மறு ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம், பணம் கட்ட வசதியில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் வைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதே, இத்தொழிலில் இருக்கும் என் கருத்து. இத்துறைக்கு வர நினைப்பவர்கள் அதை முழுமையாகப் படித்துவிட்டு, நியமிக்க முன்வரும் நிறுவனத்திடமும் பேசிவிட்டு, அதன்பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுவது நல்லது.