பெயரில்லாத கேசட்டின் பெயர்

1994இல் விடுதி அறை நண்பன் ஒரு கேசட் கொடுத்தான். யாரிடமோ பதிவுசெய்து வாங்கியது. உறையில் பெயர் இல்லை, பென்சிலில் ‘வேல்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த வருடம் முழுவதும் இரவில் அதைத்தான் கேட்டேன். பிறகு டேப் சிக்கி அறுந்தது. யார் பாடியது என்று தெரியாமலேயே முப்பது வருடங்கள் போய்விட்டன.

போன மாதம், சென்னை சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயிருந்தேன். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அதன் கடைக்காரர்கள் பலர் இடம்பெயர்ந்த வளாகம் அது. பழைய இசைத்தட்டுக் கடையில், தரையோடு தரையாகக் கிடந்த அட்டைப்பெட்டியில், பக்திப் பாடல் தட்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு வெள்ளை உறை. பாதி நிழலில் மூன்று முகங்கள். யங் மார்பிள் ஜயன்ட்ஸ் என்ற இசைக்குழு, ஆல்பம் ‘கொலோசல் யூத்’, 1980, வெளியீடு ரஃப் டிரேட். அந்த இசைத்தட்டு நிறுவனத்தின் பெயருக்காகவே 350 ரூபாய் கொடுத்தேன்.

தட்டில் பூஞ்சை பூத்திருந்தது. நம் ஊர்க் காற்று அப்படி. பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, இரவு முழுவதும் காயவைத்தேன்.

காலையில் ஊசி வைத்ததும் அந்த டிக், டிக். தூரத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுவதுபோல. எழுந்து நின்றுவிட்டேன். அதே கேசட்!

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்துக்காரர்கள். ஸ்டூவர்ட், பிலிப் மாக்ஸம் என்ற சகோதரர்கள், பாடுவது அலிசன் ஸ்டாட்டன். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. உறவினர் ஒருவர் வீட்டிலேயே செய்துகொடுத்த தாள இயந்திரத்தைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு வாசித்தார்கள். பங்க் இசையின் இரைச்சலுக்குப் பின் வந்தவர்களில் இவ்வளவு குறைவாக வாசித்தவர்கள் அரிது. கிதார் தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கியே வாசிக்கிறார் ஸ்டூவர்ட். ஒலி எழும்முன்னே அடங்கிவிடுகிறது. மெட்டைச் சுமந்து போவது பிலிப்பின் பேஸ் கிதார்தான். அலிசன் தனக்குள் பேசிக்கொள்வதைப்போலப் பாடுகிறார். எதையும் நிரூபிக்க முயலாத குரல். பத்தொன்பது வயதில் அந்தக் குரல்தான் என்னைத் தூங்கவைத்தது. இப்போது இசைக்கு இடையில் இருக்கும் வெற்றிடம் காதில் விழுகிறது. அதில் எங்கள் தெருக் காய்கறி வண்டிக்காரரின் குரலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது, துளியும் இடைஞ்சல் இல்லாமல்.

ஸ்டூடியோவில் அவர்கள் செய்த ஒரே முழு ஆல்பம் இது. நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த தட்டுகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருந்தார் என்பது பின்னால் படித்தது.

அப்பா மிருதங்கக்காரர். ஐம்பது வருடம் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் வாசித்த கை. உள்ளறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அடிக்கிறவனுக்கு நல்ல பொறுமைடா.”

“அது இயந்திரம் அப்பா.”

கொஞ்ச நேரம் கேட்டார். “அப்படியானால் அந்தப் பெண்ணுக்குத்தான் பொறுமை. கார்வை, அந்த இடைவெளி, எவ்வளவு விடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.”

தொடையில் மெல்லத் தாளம் போடத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது. ஊசி அங்கே தாவியபோது அவர் கை அந்தரத்தில் நின்றது.

“முதலிலிருந்து வை” என்றார்.